தீப்போர்வையை எங்கே மாட்டுவது? சென்னை வீட்டுக்கும் காருக்கும் ஒரு வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஆடி வெள்ளி. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தார். அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான்தான். போன் அடித்தது, சிக்னலுக்காக பால்கனிக்குப் போனேன். பேசிவிட்டுத் திரும்பி வந்தால் வாணலியில் ஒரு முழ உயரத்துக்குத் தீ.

உடனே நான் அண்ணாந்து பரணைப் பார்த்தேன். அங்கேதான், கொலுப் பெட்டிக்குப் பின்னால், ஆசையாக வாங்கிய ஃபயர் பிளாங்கெட் பிரிக்காமல் இருந்தது. ஸ்டூலைத் தேடி ஓடினேன். நான் ஸ்டூலோடு வருவதற்குள் அம்மா அடுப்பின் குமிழைத் திருகி அணைத்துவிட்டு, கையில் கிடைத்த தாம்பாளத்தைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி வாணலியை மூடியிருந்தார். தீ போயே போய்விட்டது. என்னையும் ஸ்டூலையும் ஒரு பார்வை பார்த்தார். "ஏண்டா, அந்த செவப்புப் பைய எடுக்க நீ ஏறி எறங்குறதுக்குள்ள பரணே எரிஞ்சிருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு இந்தப் போர்வையைப் பற்றி யார் கேட்டாலும், எதை வாங்குவது என்பதைவிட எங்கே மாட்டுவது என்பதைத்தான் நான் அதிக நேரம் சொல்கிறேன். கீழே எழுதியிருப்பதிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

அது என்ன, எப்படி வேலை செய்கிறது

கடையில் ஃபயர் பிளாங்கெட் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே தீப்போர்வை என்று எழுதுகிறேன். இப்போது விற்பவை பெரும்பாலும் கண்ணாடி இழையில் நெய்த துணி, சிலவற்றில் மேலே சிலிகோன் பூச்சு இருக்கும். ஒரு காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இழையில் செய்தார்கள். பழைய தொழிற்சாலைச் சாமான்களோடு அப்படி ஏதாவது கிடைத்தால் தொடாதீர்கள், அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

தீ எரிய எரிபொருள், சூடு, காற்று மூன்றும் வேண்டும். போர்வை காற்றை மட்டும்தான் தடுக்கிறது. வாணலியில் எண்ணெய் அப்படியே இருக்கும், சூடும் அப்படியே இருக்கும். அதனால்தான் தீ அடங்கிய பிறகும் போர்வையை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று உள்ளே போகும், மறுபடி குப்பென்று பிடிக்கும்.

சமையல் எண்ணெய் சுமார் 350 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தானாகவே பற்றிக்கொள்ளும். மேலே தீப்பொறி விழ வேண்டும் என்பதே இல்லை. அதற்கு வெகு முன்பே எண்ணெய் புகைய ஆரம்பித்துவிடும். புகை வந்தால் அடுப்பை அணையுங்கள், அவ்வளவுதான். அந்த நிலையில் போர்வைக்கு வேலையே இல்லை. பற்றிய எண்ணெயில் தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து எழுநூறு லிட்டர் அளவுக்கு விரியும். அது எரியும் எண்ணெயையும் சேர்த்துத் தூக்கிக் கூரை வரை எறியும்.

வாங்கும்போது

ஆன்லைனில் கிடைக்கிறது. நேரில் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் போனால் ஹார்டுவேர், பாதுகாப்புக் கருவிகள் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. நான் நேரில் வாங்குவதையே சொல்வேன். ஆன்லைனில் படத்தைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். கையில் எடுத்தால்தான் சிலது கொசுவலை போல மெல்லிசாக இருப்பது தெரியும்.

உறையில் இ.என். 1869 என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். வீட்டில் பயன்படுத்தும் தீப்போர்வைக்கென்றே எழுதப்பட்ட தரம் அது. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். இழுப்பதற்கு இரண்டு நாடாக்கள் கீழே தொங்க வேண்டும். ஒரே நாடா உள்ளதை வாங்காதீர்கள், இழுத்தால் கோணலாக வந்து மடிந்துகொள்ளும். உறை ஜிப் வைத்ததாக இருந்தாலும் வேண்டாம். கை நடுங்கும்போது ஜிப் திறக்காது.

'ஆயிரம் டிகிரி தாங்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சாதாரணக் கண்ணாடி இழை தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய 550 டிகிரிதான். அடுப்பங்கரைக்கு அதுவே போதும்.

அளவு: இரண்டு பர்னர் அடுப்புக்கு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் போதும் என்பார்கள். நம் வீட்டு வாணலிகளின் அகலத்தைப் பார்த்தால் 1.2 மீட்டர் சதுரம் வாங்குவது நல்லது. ஆள் மேல் சுற்றுவதற்கும் ஆக வேண்டும் என்றால் 1.2க்கு 1.8 மீட்டர். வீட்டில் வயதானவர்கள் இருந்து, அவர்கள் நைட்டியோ நைலான் புடவையோ கட்டிக்கொண்டு சமைப்பவர்கள் என்றால் நான் பெரியதைத்தான் வாங்குவேன்.

எங்கே மாட்டுவது

பலரும் அடுப்புக்கு மேலே, சிம்னிக்குப் பக்கத்தில் மாட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தீப்பிடித்தால் போர்வையை எடுக்கத் தீயின் மேலேயே கை நீட்ட வேண்டும். அலமாரிக்குள் வைத்தால் மறந்துவிடும், பரணைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சரியான இடம் அடுப்பங்கரை வாசல். அடுப்பிலிருந்து இரண்டு மூன்று எட்டுத் தள்ளி, வெளியே போகும் வழியில், நிலைக்குப் பக்கத்துச் சுவரில், வீட்டிலேயே குள்ளமானவரின் தோள் உயரத்தில். அப்படி இருந்தால் போர்வையை எடுக்க நீங்கள் தீயை விட்டு விலகித்தான் போக வேண்டும். அங்கே நின்று திரும்பிப் பார்க்கும்போதுதான் இது நம்மால் ஆகுமா, ஆகாதா என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். ஆகாது என்று தோன்றினால் வாசல் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது, வெளியே போய்விடலாம்.

சென்னையில் வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு சங்கடம். ஆணி அடித்தால் அட்வான்ஸில் பிடிப்பேன் என்பார் வீட்டுக்காரர். அதற்காக ஒட்டும் கொக்கி வாங்கி மாட்டினால் அது போர்வையின் எடையைத் தாங்கும். ஆனால் நாடாவை வெடுக்கென்று கீழே இழுக்கும்போது கொக்கியோடு உறையும் பிய்ந்து கையோடு வரும். எங்கள் வீட்டில் நான் சோதித்தே பார்த்தேன், முதல் இழுப்பிலேயே வந்துவிட்டது. ஆணி அடிக்க முடியாத இடத்தில் ஜன்னல் கம்பியிலோ, ஏற்கெனவே காலண்டர் மாட்டியிருக்கும் திருகாணியிலோ, கதவின் தாழ்ப்பாளிலோ இறுக்கிக் கட்டுங்கள். கட்டியபின் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உறை அங்கேயே நிற்க வேண்டும், துணி மட்டும் வழுக்கிக்கொண்டு வர வேண்டும்.

மாட்டிய இடத்துக்கு முன்னால் எதுவும் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. எங்கள் வீட்டில் முதல் மாதம் அதன் மேல் துணிப்பை தொங்கியது, இரண்டாம் மாதம் கேன் தண்ணீர் ஸ்டாண்டு அதன் கீழே வந்து நின்றது. அம்மா வேறு, "இது என்னடா, வாசக்கால்ல தபால் பொட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது பழகிவிட்டது.

போடும் முறை: பழைய வேட்டியோடு ஒத்திகை

போர்வையைப் பிரித்து ஒத்திகை பார்த்தால் மறுபடி அதே மாதிரி மடிப்பது கஷ்டம். அதனால் ஒரு பழைய வேட்டியையோ படுக்கை விரிப்பையோ கிட்டத்தட்ட அதே அளவுக்கு மடித்து, காலி வாணலியை அணைந்த அடுப்பில் வைத்துப் பழகுங்கள். பத்து நிமிட வேலை.

முதலில் ஒன்று. வாணலியை மூடும் அளவுக்குத் தட்டோ மூடியோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதுதான் முதல் ஆயுதம், போர்வை இரண்டாவதுதான். விலை குறைந்த மெல்லிய துணியில் எண்ணெய் ஆவி ஊடுருவி மேலே எரிய வாய்ப்புண்டு. தாம்பாளத்தில் அந்தப் பிரச்சினை கிடையாது. பொரிக்கத் தொடங்கும்போதே பொருத்தமான ஒரு தட்டை அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர், பித்தளை எதுவானாலும் சரி. கண்ணாடி மூடி வேண்டாம், வெடிக்கும். தட்டு சிறியதாக இருக்கிறது, எண்ணெய் வழிந்து அடுப்பு மேடையிலும் எரிகிறது, அல்லது தட்டை வைக்கப் பக்கத்தில் போக முடியவில்லை என்றால்தான் போர்வைக்குப் போக வேண்டும்.

இரண்டு நாடாக்களையும் பிடித்து ஒரே வேகத்தில் கீழே இழுங்கள். துணியை உதறி விரித்ததும் மேல் விளிம்பின் இரண்டு மூலைகளையும் உங்கள் கைகளுக்கு மேல் திருப்பி மடித்துக்கொள்ளுங்கள். விரல்கள் துணிக்குள் மறைந்திருக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பிறகு மார்பு உயரத்தில் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். உங்களுக்கும் தீக்கும் நடுவில் எப்போதும் துணி இருக்க வேண்டும்.

தூக்கி வீசாதீர்கள். வீசினால் துணி காற்றை அள்ளிக்கொண்டு போய்த் தீயை ஊதிவிடும், வாணலியும் கவிழலாம். துணியின் கீழ் விளிம்பு வாணலியின் உங்கள் பக்கத்து ஓரத்தைத் தொடட்டும். அங்கிருந்து எதிர்ப்பக்கமாகப் படரவிடுங்கள். தீ உங்களிடமிருந்து விலகும் திசையில் அமுங்கும். விளிம்புகளில் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும், அதே சமயம் துணியை அழுத்தி எண்ணெய்க்குள் முக்கிவிடவும் கூடாது. இதனால்தான் பொரிக்கும்போது வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது. தீபாவளி முறுக்குக்கு விளிம்பு வரை ஊற்றுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே பதறும்.

அடுப்பை எப்போது அணைப்பது? குமிழ் முன்பக்கம் இருந்து, தீயைத் தாண்டாமல் எட்ட முடிந்தால் முதலிலேயே. முடியாவிட்டால் மூடிய உடனே. அதன்பின் ரெகுலேட்டரையும் மூடுங்கள். சிம்னி ஓடிக்கொண்டிருந்தால் தீயை மேலே இழுக்கும். சுவிட்ச் பக்கத்தில் இருந்தால் அணைக்கலாம், இல்லாவிட்டால் அதைத் தேடிப் போக வேண்டாம்.

இனிக் காத்திருக்க வேண்டியதுதான். குறைந்தது அரை மணி நேரம். கனமான இரும்பு வாணலி என்றால் இன்னும் அதிகம். ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும், பார்க்காதீர்கள். வாணலியை சிங்க்குக்கோ பால்கனிக்கோ தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. பாதி தீக்காயங்கள் அந்த ஓட்டத்தில் எண்ணெய் தளும்பித்தான் வருகின்றன என்பது என் எண்ணம்.

ஒரு முயற்சிதான். போட்டும் அடங்கவில்லை, அல்லது தீ திரைச்சீலைக்கோ மர அலமாரிக்கோ தாவிவிட்டது என்றால் வெளியே வந்து, அடுப்பங்கரைக் கதவைச் சாத்திவிட்டு, எல்லோரையும் படி வழியாக இறக்கிவிட்டு 101க்கோ 112க்கோ கூப்பிடுங்கள். லிஃப்ட் வேண்டாம்.

இந்த ஒத்திகையை உண்மையில் அடுப்படியில் நிற்பவரோடு செய்யுங்கள். பல வீடுகளில் போர்வை வாங்கியவர் அலுவலகத்தில் இருப்பார். சமைப்பது அம்மாவோ, காலையில் வந்து போகும் அக்காவோ. எங்கள் வீட்டு அக்கா ஒருமுறை செய்துகாட்டியதும் கேட்டார்: "தம்பி, மூலைய மடிக்கலன்னா கை வெந்துடும்ல?" நான் சொல்ல மறந்ததை அவரே பிடித்துவிட்டார்.

சிலிண்டரில் தீ என்றால்

நனைத்த கோணிச் சாக்கைச் சிலிண்டர் மேல் போட்டு அணைப்பதை தீயணைப்புத் துறையின் செயல்விளக்கங்களில் பார்த்திருப்பீர்கள். அது வேலை செய்யும். அதில் கவனிக்க வேண்டியது, தீ அணைந்த அடுத்த நொடியே அவர்கள் வால்வை மூடுவதைத்தான். தீயை அணைத்துவிட்டு கேஸைக் கசியவிட்டால் நிலைமை முன்பைவிட மோசம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவித் தேங்கும். எங்கேயோ ஒரு ஃப்ரிட்ஜின் பொறி பட்டால் போதும்.

அதனால் என் கணக்கு இது: தீ சிறியதாக, ட்யூப் முனையில் எரிகிறது, ரெகுலேட்டர் குமிழைக் கை எட்டுகிறது என்றால் முதலில் குமிழை மூடுங்கள், பெரும்பாலும் அதோடு அணையும். கையைக் காக்கப் போர்வையைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளலாம். குமிழை நெருங்கவே முடியவில்லை என்றால் போர்வை போடும் வீரமெல்லாம் வேண்டாம், வெளியேறுங்கள். தீ இல்லை, வாசனை மட்டும் வருகிறது என்றால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906ஐ அழையுங்கள். ஆரஞ்சு நிற கேஸ் ட்யூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதன் மேலேயே வருடம் அச்சாகியிருக்கும், இப்போதே குனிந்து பாருங்கள்.

உடையில் தீப் பிடித்தால்

கார்த்திகைக்கு வாசலிலும் மாடிச் சுவரிலும் அகல் வைக்கிறோம். பூஜையறையில் குனிந்து திரி தூண்டும்போது முந்தானை முன்னால் விழுகிறது. இந்தத் தீ வாணலித் தீயைவிட வேகமானது. பிடித்தவர் பயத்தில் ஓடுவார், ஓட ஓட எரியும். முதலில் அவரை நிறுத்திக் கீழே படுக்க வையுங்கள். நின்றபடி இருந்தால் தீ முகத்தை நோக்கி ஏறும். போர்வையைக் கழுத்திலிருந்து கால் பக்கமாகச் சுற்றி அமுக்குங்கள், முகத்தை மூடக் கூடாது. போர்வை கையில் இல்லையென்றால் ஜமக்காளம், கம்பளி, கனமான பருத்தி விரிப்பு எதுவானாலும் சரி. பாலியெஸ்டர் பெட்ஷீட் மட்டும் வேண்டாம், அது உருகித் தோலில் ஒட்டும்.

தீ அணைந்ததும் போர்வையை எடுத்துவிடுங்கள், சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும். காயத்தின் மேல் இருபது நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும். சென்னையில் இதில் ஒரு சிக்கல்: சித்திரை வெயிலில் மதியம் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும். அப்போது கேன் தண்ணீரையோ, நிழலில் இருக்கும் வாளித் தண்ணீரையோ குவளை குவளையாக ஊற்றுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது. வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். இங்க், டூத்பேஸ்ட், மாவு எதுவும் தடவாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

மின்சாரம், பேட்டரி

மிக்ஸியோ டிவியோ புகைந்தால் முதலில் மெயினை அணையுங்கள். அப்புறம்தான் போர்வை.

லித்தியம் பேட்டரி வேறு கதை. பவர் பேங்க், போன், மின்சார ஸ்கூட்டர் எதுவானாலும் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினையே சூட்டைக் கிளப்புவதால், வெளிக்காற்றைத் தடுத்தாலும் அது நிற்காது. சின்னப் பவர் பேங்க் மேல் போர்வையைப் போட்டால் பொறி தெறிப்பதைக் கொஞ்சம் தடுக்கலாம்; அந்த அவகாசத்தில் எல்லோரும் வெளியேறுங்கள். ஸ்கூட்டர் என்றால் கிட்டவே போகாதீர்கள். அடுக்குமாடிகளில் படிக்கட்டுக்குக் கீழே ஸ்கூட்டரைச் சார்ஜ் போடுகிறார்கள். எரிந்தால் மொத்தக் கட்டடத்துக்கும் இறங்க வழியே இருக்காது. அசோசியேஷன் கூட்டத்தில் பெயிண்ட் நிறத்துக்கு ஒரு மணி நேரம் சண்டை போடுகிறவர்கள் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

காரில்

காருக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் போர்வையை விட்டுவிட்டு ஒரு கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானை வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்க வேண்டும். இரண்டும் முடியும் என்றால் இரண்டும்.

காரில் போர்வைக்கு உள்ள வேலை குறைவு, ஆனால் உண்டு. சீட்டில் விழுந்த சிகரெட் நெருப்பு, டேஷ்போர்டில் கற்பூரம் சரிந்தது (ஆயுத பூஜையன்று காருக்கு உள்ளேயே தட்டு வைத்துக் கற்பூரம் கொளுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்), யாருடைய உடையிலாவது பிடித்தது போன்றவற்றுக்கு உதவும். எரியும் வண்டியிலிருந்து குழந்தையை இழுத்தெடுக்கும்போது சுற்றிக் காக்கவும் ஆகும். இந்தக் கடைசிக் காரணத்துக்காகவே நான் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு மீட்டர் சதுரம் போதும்.

எஞ்சின் தீக்கு அது ஆகாது. பானெட் இடுக்கில் புகை வந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள், இக்னிஷனை அணையுங்கள், எல்லோரும் இறங்கி நூறு அடியாவது தள்ளிப் போங்கள். ஜி.எஸ்.டி. சாலையிலோ ஓ.எம்.ஆரிலோ நின்றால் வண்டிகள் வராத பக்கமாக, நடைமேடைக்கு மேலே. சி.என்.ஜி. கிட் உள்ள வண்டி என்றால் இன்னும் தூரம். என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று பானெட்டைத் திறந்தால், அதுவரை காற்றுக்குத் தவித்த தீக்கு நீங்களே கதவு திறந்துவிடுவீர்கள்.

மின்சாரக் காரையே மூடும் ராட்சதப் போர்வை என்று ஒன்று உண்டு. ஆறு மீட்டருக்கு எட்டு மீட்டர், தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அது தீயணைப்பு வீரர்களின் கருவி. மூடியதற்கு அடியில் பேட்டரியின் வாயு சேர்ந்து வெடிக்கும் அபாயமும் இருப்பதால் பயிற்சி இல்லாதவர் கை வைக்கக் கூடாது.

எங்கே வைப்பது? டிக்கியில் வேண்டாம், அது வீட்டுப் பரண் மாதிரிதான். ஓட்டுநர் கதவின் பையிலோ முன்சீட்டின் முதுகுப் பையிலோ வையுங்கள். தீயணைப்பானைச் சீட்டுக்கு அடியில் பிராக்கெட் போட்டுத் திருகியே வைக்க வேண்டும். சும்மா போட்டால் பிரேக் பிடிக்கும்போது உருண்டு வந்து பெடலுக்கு அடியில் மாட்டும். கூடவே சீட் பெல்ட் அறுக்கும் கத்தியும் கண்ணாடி உடைக்கும் சுத்தியும் சேர்ந்த கருவி ஒன்று. எரியும் காரில் பவர் விண்டோவும் லாக்கும் சிக்கிக்கொள்ளலாம். உடைக்க வேண்டியது பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையை. முன்கண்ணாடி ஒட்டுக்கண்ணாடி, விரிசல் விடுமே தவிர சிதறாது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். போர்வைக்கு அது ஒன்றும் செய்யாது, பிளாஸ்டிக் உறைதான் மொறமொறப்பாகி நாடா பிய்யும். துணி உறை உள்ளதை வாங்குங்கள். அதே வெயிலில் சென்ட் பாட்டில், சானிடைசர், லைட்டர் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தீவுத்திடலில் பட்டாசு வாங்கிக்கொண்டு வருபவர்கள் நேரே வீட்டுக்கு வாருங்கள், டிக்கியில் வைத்துக்கொண்டு தி.நகரில் துணி எடுக்கப் போக வேண்டாம்.

நம் ஊரில் கார் எரிய இன்னும் இரண்டு காரணம் உண்டு. ஒன்று எலி. வாரக்கணக்கில் நிறுத்திய வண்டிக்குள் புகுந்து வயரைக் கடிக்கும். இன்னொன்று வெள்ளம். 2015லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முழுகிய வண்டிகள் எத்தனை! மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்துவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டு பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைத்த ஹார்னையும் விளக்கையும் ஃப்யூஸ் இல்லாமல் நேரே பேட்டரியில் முறுக்கி மாட்டியிருந்தால் அதையும் அப்போதே சரிசெய்துவிடுங்கள்.

சித்திரை முதல் நாள்

ஒருமுறை தீயில் போட்ட போர்வையை மறுபடி மடித்து வைக்காதீர்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் இழை பலவீனமாகியிருக்கும். பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணாடித் துகள் அரிக்கும்.

பயன்படுத்தாததையும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இதற்கு ஏப்ரல் 14 தோதான நாள். 1944ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து, தீயணைக்கப் போன வீரர்கள் பலர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக அன்று தொடங்கி ஒரு வாரம் தீயணைப்பு வாரம். நமக்கு அன்று வருடப் பிறப்பு, எப்படியும் வீட்டைத் துடைக்கிறோம். துணியை உருவி எடுத்துக் கிழிசல், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா பார்த்துவிட்டு, நாடா இரண்டும் வெளியே தொங்கும்படி விசிறி மடிப்பாக மடித்துத் திரும்ப உறையில் செருகுங்கள். காரில் இருப்பதையும் அன்றே பாருங்கள்.

எங்கள் வீட்டில் இந்த வேலை அம்மாவுடையது. மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் தட்டிவிட்டு, பட்டுப் புடவையோடு வாசக்காலில் நின்று நாடாவை ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். போன வருடம் திருகாணி லேசாக ஆடியது. அன்று மாலையே மாற்றச் சொல்லிவிட்டார்.